உயரம் பத்தாத பையன் என்எச்எல் போவானா? கணிக்க ஒரு முழு வழிகாட்டி

2016 ஜூனில் நான் அடித்துச் சொன்ன கணிப்பு ஒன்று உண்டு: அலெக்ஸ் டிப்ரின்கட் என்எச்எல்லில், அதாவது வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கில், தேறமாட்டார். ஆள் 5 அடி 7 அங்குலம். ஈரி ஆட்டர்ஸ் என்ற ஜூனியர் (இளைஞர்) அணியில் முதல் சீசனில் 51 கோல் போட்டிருந்தார். பக்கத்தில் ஆடியது பின்னாளில் பெரிய நட்சத்திரமான கானர் மெக்டேவிட். "மெக்டேவிட் பாஸ் கொடுத்தால் நானும்தான் போடுவேன்" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மெக்டேவிட் 2015இல் என்எச்எல்லின் எட்மன்டன் அணிக்குப் போய்விட்டார். அடுத்த சீசனிலும் டிப்ரின்கட் போட்டது 51 கோல். அதைப் பார்த்த பிறகும் நான் பேச்சை மாற்றவில்லை. அணிகளும் என்னைப் போலத்தான் நினைத்தன போலும்; அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 38 பேரை எடுத்து முடித்த பிறகே சிகாகோ அவரை எடுத்தது. பிறகு என்எச்எல்லில் 2018-19, 2021-22 என்று இரண்டு சீசன்களில் தலா 41 கோல் போட்டார்.

அந்தச் சறுக்கலுக்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். இப்போது டொரன்டோ வட்டாரத்தின் மார்க்கம், ஸ்கார்பரோ பக்கத்து ஐஸ் அரங்குகளில் நம் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். காப்பிக் கோப்பையோடு கண்ணாடி ஓரம் நிற்கும் அப்பாமார் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "நல்லா ஆடுறான், ஆனா ஆள் சின்னம். சரிவருமா?" அதற்கு நான் வைத்திருக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். இது 16 முதல் 19 வயது வரையான பையன்களுக்கு மட்டும். பன்னிரண்டு வயதுப் பையனை வைத்து இந்தக் கணக்கைப் போடுவது கிளி ஜோசியம்.

எதை எதிர்த்து நிற்கிறான் என்பதை முதலில் மனதில் வையுங்கள். என்எச்எல் வீரரின் சராசரி உயரம் 6 அடி 1 அங்குலத்தை ஒட்டியது, எடை 200 பவுண்டு அளவில். 32 அணிகள், 7 சுற்றுகள். வருடத்துக்கு 224 பேரை டிராஃப்டில் எடுக்கிறார்கள். அந்த 224 பேரிலும் பெரும்பாலானோர் நிலையான இடம் பிடிப்பதில்லை. ஆறடிக்காரனுக்கே அவ்வளவு நெருக்கடி.

1. அளவைச் சரியாக அளங்கள்

அணி வெளியிடும் பட்டியலில் 5 அடி 9 என்று போட்டிருந்தால், 5 அடி 8 என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு அங்குலம் ஏற்றிப் போடுவது இந்த உலகத்தில் சாதாரண வழக்கம்.

அடுத்தது வயது, மாதக் கணக்கில். டிராஃப்டுக்கான வெட்டு நாள் செப்டம்பர் 15. ஆகவே 2026 டிராஃப்டுக்கு முதல் தடவையாக வருகிறவர்களில் 2007 செப்டம்பர் 16இல் பிறந்தவனும் இருப்பான், 2008 செப்டம்பர் 15இல் பிறந்தவனும் இருப்பான். இருவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பார்கள். அந்த வயதில் ஒரு வருடம் என்பது தாடி முளைத்தவனுக்கும் முளைக்காதவனுக்கும் உள்ள வித்தியாசம். பிந்திப் பிறந்த சின்னப் பையனுக்குக் கொஞ்சம் கூடுதல் சலுகை கொடுக்கலாம்.

இன்னும் வளருவானா என்றும் விசாரியுங்கள். அப்பா, அண்ணன் என்ன உயரம்? கடைசியாக எப்போது சப்பாத்து அளவு மாறியது? லேன் ஹட்சன் 2022 டிராஃப்டுக்கு முன், தன் எலும்புகளுக்கு இன்னும் வளர இடமிருக்கிறது என்று காட்டும் மருத்துவர் கடிதத்தை அணிகளுக்குக் கொடுத்தார். அப்படியிருந்தும் 62ஆவது ஆளாகத்தான் மொன்றியல் எடுத்தது. 2024-25இல், என்எச்எல்லில் தன் முதல் முழு சீசனிலேயே, 66 புள்ளிகள் எடுத்து அந்த வருடத்தின் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வாங்கினார். அதில் 60 அசிஸ்ட், அதாவது கோலுக்கு வழிவகுத்த பாஸ். புதுமுக டிஃபென்ஸ்மேன்களில் (தடுப்பாட்டக்காரர்களில்) லாரி மர்ஃபி வைத்திருந்த சாதனைக்குச் சமம்.

உயரத்தைவிட இடுப்புக்குக் கீழே உள்ள உடம்பை நான் அதிகம் பார்ப்பேன். தொடை தடித்த, முழங்காலை நன்றாக மடக்கி ஆடும் குட்டைப் பையனைத் தள்ளி விழுத்துவது லேசல்ல. நெஞ்சும் தோளும் மட்டும் ஜிம்மில் ஏற்றிவிட்டு, கால் குச்சியாக இருப்பவன்தான் ஐஸைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவரான போர்டில் மோதினால் நொறுங்குகிறான்.

2. புள்ளிக் கணக்கைப் பிரித்துப் படியுங்கள்

ஹாக்கியில் கோலுக்கும் ஒரு புள்ளி, அசிஸ்டுக்கும் ஒரு புள்ளி. சின்னப் பையன் என்றால் ஜூனியரில் புள்ளி குவித்தே ஆகவேண்டும். அதில் சமரசம் இல்லை. பெரிய உடம்புக்காரன் குறைவாக எடுத்தாலும் "வளரட்டும் பார்ப்போம்" என்று ஒரு அணி காத்திருக்கும். இவனுக்கு அந்தப் பொறுமை கிடைக்காது.

ஆனால் குவித்தால் மட்டும் போதாது. கோரி லாக் என்ற பெயரை யாரும் இப்போது சொல்வதில்லை. 5 அடி 9. ஒட்டாவா 67ஸ் அணிக்காக 2002-03இல் 63 கோல், 88 அசிஸ்ட், மொத்தம் 151 புள்ளிகள். கனடிய ஜூனியரின் அந்த வருடத்துச் சிறந்த வீரர். பிறகு என்எச்எல்லுக்கு அடுத்த படியில் உள்ள ஏஎச்எல்லிலும் 2010-11இன் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கினார். என்எச்எல்லில் ஆடியது 9 ஆட்டம். குட்டையான ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே மார்ட்டின் செயின்ட் லூயி, தியோ ஃப்ளூரி என்று அடுக்குகிறோமே, ஜெயித்தவர்களின் பெயர்கள் மட்டும்தான் நமக்கு நினைவில் நிற்கின்றன. லாக் மாதிரி ஆட்கள் எத்தனையோ பேர் மறந்துபோய்விட்டார்கள்.

ஆகவே புள்ளிகளைப் பிரியுங்கள். பவர் பிளேயில் வந்தவை எத்தனை? எதிரணி ஓர் ஆள் குறைவாக நிற்கும்போது இடம் தாராளமாகக் கிடைக்கும். சின்னவனுக்கு அது சொர்க்கம். ஐந்துக்கு ஐந்து ஆடும்போது எடுத்தவற்றைத் தனியே எண்ணுங்கள். அசிஸ்ட்களில் கோலுக்கு நேரே முந்திய பாஸ் எது, அதற்கும் முந்தியது எது என்று பிரியுங்கள். இரண்டாம் வகையில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. லீக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொரு லீக்கின் புள்ளியும் என்எச்எல்லில் எவ்வளவு பெறும் என்று மாற்றிப் பார்க்கும் பெருக்கு எண்கள் உண்டு. ஒன்டாரியோவின் ஜூனியர் லீக்கான ஓஎச்எல்லுக்கு ஏறக்குறைய 0.3 என்றும், ஏஎச்எல்லுக்கு 0.4க்குச் சற்று மேல் என்றும் பழைய கணக்கு. துல்லியம் கிடையாது, ஒரு தோராயம்தான்.

கடைசியில், என்னைக் கவிழ்த்த கேள்வி: பக்கத்தில் யார் ஆடுகிறார்? நட்சத்திரத்தின் தயவில் புள்ளி எடுக்கிறான் என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கும்போது சந்தேகமாகவே வைத்திருப்பது சோம்பேறித்தனம். நட்சத்திரம் காயம்பட்ட வாரங்கள், அணி மாறிய பிறகான மாதங்கள், அடுத்த சீசன் என்று ஏதோ ஒரு இடைவெளி எப்போதும் கிடைக்கும். அங்கே போய்ப் பாருங்கள்.

3. அரங்குக்குப் போய், மூலையில் உட்காருங்கள்

டிக்கெட் விலை ஏறும் நடுப்பக்க இருக்கை வேண்டாம். கோல் வலைக்குப் பின்னால், ஒரு மூலையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். முழு வழிகாட்டியிலும் ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

பக் என்ற ரப்பர் வட்டு மூலைக்குள் உருண்டு வருகிறது. நம் பையன் அதை எடுக்க வருகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் 6 அடி 3, 210 பவுண்டு ஒன்று வேகமெடுத்து வருகிறது. இந்த இரண்டு நொடியில்தான் எல்லாமே தெரியும்.

தேறக்கூடியவன் பக்கைத் தொடுவதற்கு முன்பே தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார்த்துவிடுவான். ஒரு தடவை பார்த்தால் நல்லது. இரண்டு தடவை, இரு பக்கமும் பார்த்தால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறவன் எந்தத் தோள் பக்கம் வருகிறான் என்று இப்போது அவனுக்குத் தெரியும். போர்டை நெருங்கும்போது அரை அடி வேகத்தைக் குறைப்பான். பெரியவன் "மாட்டினான்" என்று நினைத்து மொத்த உடம்பையும் அந்தத் திசையில் போடுவான். அந்தக் கணத்தில் இவன் ஸ்டிக்கின் பின்புறத்தால் பக்கை மறுபக்கம் தட்டிவிட்டு, இடுப்பைத் திருப்பி நழுவிவிடுவான். கண்ணாடி அதிரும் சத்தம் உங்கள் காதில் விழும். மோதியது பெரியவன் மட்டும்.

இன்னொரு ரகம் பக்கை மட்டுமே பார்த்துக்கொண்டு தலைதெறிக்க வந்து முதலில் தொடுவான், உடனே அடி வாங்குவான், எழுந்து மறுபடி ஓடுவான். கூட்டம் கைதட்டும். தைரியசாலி, சந்தேகமில்லை. இப்படி ஆடினால் 24 வயதுக்குள் தோள்பட்டை போய்விடும். ஆனால் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க முடியும் என்பதால் இவனை நான் அடியோடு தள்ளுவதில்லை.

மூன்றாவது ரகம் இருக்கிறதே, அதுதான் ஏமாற்றும். முதலில் போய்ச் சேர முடிந்த பக்குக்கு இரண்டாவதாகப் போய்ச் சேருகிறவன். வேகத்தை லேசாகக் குறைத்து, ஸ்டிக்கை நீட்டி, முயன்றதுபோல் காட்டுவான். புள்ளிப் பட்டியலில் இது தெரியாது. ஹைலைட் வீடியோவிலும் வராது. மூலையில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும் தெரியும். ஒரு ஆட்டத்தில் மூன்று நான்கு தடவை இதைப் பார்த்துவிட்டால் என் பேனாவை மூடிவிடுவேன்.

ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு இரவுகள் ஆட்டம் இருந்தால் இரண்டாம் இரவின் கடைசிப் பகுதியை, மூன்றாம் பீரியடைப் பாருங்கள். கால் களைத்த பிறகும் தோளுக்கு மேலால் பார்க்கிறானா?

ஸ்கேட்டிங்கையும் இதே இருக்கையிலிருந்தே பார்க்கலாம். நேர்கோட்டு வேகத்தில் மயங்காதீர்கள். நின்ற இடத்திலிருந்து எடுத்துவைக்கும் முதல் மூன்று காலடி, திசை மாற்றும்போது பிளேடின் விளிம்பை நம்பிச் சாய்வது, வேகத்தைக் கூட்டிக் குறைத்து எதிராளியின் காலைக் குழப்புவது: சின்னவனுக்குச் சோறு போடுவது இந்த மூன்றும்தான். சுமாரான ஸ்கேட்டிங் உள்ள குட்டைப் பையனுக்கு வாய்ப்பு அநேகமாக இல்லை. அநேகமாக என்று சொல்லக் காரணம் பிரேடன் பாயிண்ட். 2014இல் அவர் 79ஆவது ஆளாகப் போனதற்கு உயரத்தோடு ஸ்கேட்டிங்கும் ஒரு காரணம். பிறகு டம்பா பே அணியின் ஸ்கேட்டிங் பயிற்சியாளர் பார்பரா அண்டர்ஹில் அவருடைய கால் வைப்பைத் திருத்தினார். அண்டர்ஹில் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 1984இன் உலகச் சாம்பியன். 2022-23இல் பாயிண்ட் போட்டது 51 கோல். ஆகவே, ஸ்கேட்டிங் குறை என்றால் அது காலின் பலவீனமா, பழக்கப் பிழையா என்று பாருங்கள். பழக்கத்தை மாற்றலாம்.

4. நோட்டில் ஒரு வளையம் வரையுங்கள்

ஒரு பக்கத்தில் எதிரணிப் பகுதியை மட்டும் வரைந்து, கோலுக்கு முன்னால் உள்ள நடுப்பகுதியைச் சுற்றி ஒரு வளையம் போடுங்கள். ஆட்டக்காரர்கள் அதை ஸ்லாட் என்பார்கள். பையன் பக்கைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு புள்ளி வையுங்கள். பவர் பிளேயில் தொட்டால் வேறு நிறப் பேனா.

ஜூனியரில் ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து அழகான பாஸ் கொடுத்து 90 புள்ளி எடுக்கலாம். ஆட்டத்தின் தரம் ஏற ஏற, எதிரணி ஓரத்தைத் தாராளமாக விட்டுக்கொடுத்துவிட்டு நடுவை அடைத்துவிடும். உங்கள் தாளில் புள்ளிகள் எல்லாம் போர்டு ஓரமாக மாலை கட்டியதுபோல் இருந்தால், அந்தப் பையனின் கலை ஒரு படி மேலே போனதும் வற்றிவிடும். வளையத்துக்குள் விழுந்த புள்ளிகள் எத்தனை, அங்கே அடி வாங்கிய பிறகும் அடுத்த தடவை ஐஸில் இறங்கும்போது திரும்பிப் போனானா என்பதே கணக்கு. பிரெண்டன் கல்லகரைப் பாருங்கள்: 5 அடி 9, 2010இல் 147ஆவது ஆள். கோலியின் (கோல் காப்பவரின்) மூக்குக்கு முன்னால் நின்று, முதுகில் குத்து வாங்கிக்கொண்டே ஒரு நீண்ட வாழ்க்கையை ஓட்டிவிட்டார்.

நடுவுக்குப் போவது என்றால் முட்டிமோதித்தான் போக வேண்டும் என்பதில்லை. டிப்ரின்கட்டும் காஃபீல்ட் என்ற இன்னொரு சின்ன ஆளும் பக் வருவதற்கு அரை நொடி முன்பு வளையத்துக்குள் நழுவி வந்து, தொட்டதும் அடித்துவிடுவார்கள். அதற்குள் யாரும் அவர்கள் மேல் கை வைக்க முடியாது.

5. கையில் என்ன ஆயுதம்?

2011 டிராஃப்டில் இரண்டு சின்னப் பையன்கள் இருந்தார்கள். ராக்கோ கிரிமால்டி, 5 அடி 6; கட்டான உடம்பு, நல்ல வேகம். ஃப்ளோரிடா அவரை 33ஆவதாக எடுத்தது. ஜானி கோட்ரோ, 150 பவுண்டைக்கூடத் தொடாத ஒல்லிப் பையன். கால்கரி 104ஆவதாக எடுத்தது. உடம்பை மட்டும் பார்த்தால் கிரிமால்டிதான் தாக்குப்பிடிக்க வேண்டியவர். அவர் என்எச்எல்லில் இருநூறு ஆட்டம் வரை ஆடினார். மிச்சக் காலமெல்லாம் பெரும்பாலும் ஏஎச்எல்தான். கோட்ரோ 2021-22இல் 115 புள்ளிகள் எடுத்தார். 2024 ஆகஸ்டில் சைக்கிளில் போகும்போது வாகனம் மோதி இறந்துபோனார். இந்த வரியை எழுதும்போதும் மனது கனக்கிறது.

இருவரையும் பிரித்தது எது? கோட்ரோவின் கைகளும் ஆட்டத்தை முன்கூட்டியே படிக்கும் கண்ணும் லீக்கிலேயே முதல் வரிசையில் இருந்தன. கிரிமால்டி பல விஷயங்களில் நல்லவர், எதிலும் ஈடு இணையற்றவர் அல்ல. அணியில் முதல் இரண்டு வரிசைகளில் ஆறு ஃபார்வர்டுகள். அவர்களுக்குக் கோல் போடும் வேலை. கீழ் வரிசைகளுக்கு எதிரணியை நசுக்கும் வேலை. அந்த வேலைக்குப் பயிற்சியாளர் 6 அடி 2 ஆளைத்தான் கூப்பிடுவார், 5 அடி 8ஐக் கூப்பிடமாட்டார். ஆகவே சின்னவன் மேல் ஆறு பேரில் ஒருவனாக வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டும். இடைப்பட்ட நாற்காலி அவனுக்கு அநேகமாகக் கிடையாது.

விதிவிலக்கு, எரிச்சலூட்டும் ரகம். பிராட் மார்ஷண்ட் 5 அடி 9, 71ஆவது ஆள். கீழ் வரிசையில் எதிராளிகளின் பொறுமையைச் சோதித்தபடி தொடங்கி நட்சத்திரமானார். யானி கோர்ட் டிராஃப்டே ஆகாதவர். ஏஎச்எல்லுக்கும் கீழே உள்ள ஈசிஎச்எல் வரை இறங்கி ஆடி, 2017-18இல் டம்பாவுக்காக 25 கோல் போட்டார், பிறகு என்எச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இரண்டு தடவை. இந்த ரகத்துக்குச் சலிக்காத கால் வேண்டும், கொஞ்சம் வில்லத்தனமும் வேண்டும். வீட்டில் சாதுவாக இருக்கும் பையனிடம் இதை எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே நோட்டில் ஒரே வாக்கியம் எழுதிப் பாருங்கள்: "இவன் இதைத் தன் லீக்கில் எல்லோரையும்விட நன்றாகச் செய்கிறான்." 'இதை' என்ற இடத்தில் போட ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் பதிலும் கிடைத்துவிட்டது.

6. ஆடும் இடம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஓரத்தில் ஆடும் விங்கருக்கு உயரம் குறைவாக இருப்பதை அணிகள் எளிதாக மன்னிக்கும். நடுவில் ஆடும் சென்டர் என்றால் தன் கோலுக்கு முன்னால் பெரிய ஆட்களைச் சமாளிக்க வேண்டும்; ஜூனியர் சென்டர்கள் பலர் மேலே போனதும் விங்குக்கு மாற்றப்படுவது அதனால்தான். சின்ன டிஃபென்ஸ்மேன் பக்கோடு தன் பகுதியிலிருந்து சுத்தமாக வெளியே வரத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். தன் பகுதியில் மாட்டிக்கொள்ளும் நேரம் குறைந்தால் உயரக் குறையும் தெரியாது. ஜாரெட் ஸ்பர்ஜன் 5 அடி 9. டிராஃப்டில் எடுத்த அணியே ஒப்பந்தம் போடாமல் கைவிட்டது. மினசோட்டா 2010இல் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டுப் பார்த்தது. பிறகு அவரே அந்த அணியின் கேப்டன் ஆனார். கோலிகள் கதை வேறு. அங்கே ஆறடியே சின்னது. டஸ்டின் வுல்ஃப் 2019 டிராஃப்டின் 217 பேரில் 214ஆவது ஆளாகப் போனார்.

7. போகும் வழியும், கூட்டிப்போகும் ஆளும்

காலத்தையும் பாருங்கள். 2004-05 சீசன் முழுவதும் ரத்தான பிறகு, பிடித்து இழுப்பது, ஸ்டிக்கால் கொக்கிபோடுவது எல்லாவற்றுக்கும் நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டனை கொடுக்க ஆரம்பித்தார்கள். இரண்டு கோடுகளைத் தாண்டும் பாஸுக்கு இருந்த தடையும் போனது. சின்னவர்களுக்குக் கதவு திறந்தது அப்போதுதான். அதற்கு முன்பு சாதித்த ஃப்ளூரி, செயின்ட் லூயி போன்றவர்களை இன்றைய பையனுக்கு அளவுகோலாக வைக்காதீர்கள். அவர்கள் ஆடியது வேறு ஆட்டம்.

உடம்பு தேறாத பையனுக்கு அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் நல்ல வழி. வாரக் கடைசியில்தான் ஆட்டம், வார நாட்களில் ஜிம். கோட்ரோ பாஸ்டன் காலேஜிலும் காஃபீல்ட் விஸ்கான்சினிலும் ஹட்சன் பாஸ்டன் யுனிவர்சிட்டியிலும் ஆடியவர்கள். முன்பெல்லாம் கனடிய ஜூனியர் லீக்கில் ஆடினால் அந்தக் கதவு மூடிவிடும். 2025 ஆகஸ்ட் முதல் அந்தத் தடை இல்லை. பதினாறு வயதிலேயே ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்ற பதற்றம் இப்போது பெற்றோருக்கு வேண்டியதில்லை.

பயிற்சியாளர் விஷயம் நம் கையில் இல்லை, ஆனாலும் கணக்கில் வரும். காஃபீல்ட் 2021-22இல் முதல் 30 ஆட்டத்தில் போட்டது ஒரே ஒரு கோல். நடுவில் ஏஎச்எல்லுக்கும் அனுப்பினார்கள். பிப்ரவரியில் மொன்றியலுக்குப் புதிய பயிற்சியாளராக வந்தவர், 5 அடி 8 செயின்ட் லூயி. மீதி 37 ஆட்டத்தில் காஃபீல்ட் 22 கோல் போட்டார். அதே பையன், அதே ஷாட். அதனால் ஒருவன் ஒரு வருடம் சறுக்கினால், அவன் எந்த வரிசையில், யாரோடு, எத்தனை நிமிடம் ஆடினான் என்று பார்க்காமல் பெயரை அடிக்காதீர்கள். செயின்ட் லூயியையே கால்கரி 25 வயதில் போகவிட்டது. நான்கு வருடத்தில் டம்பாவுக்கு ஸ்டான்லி கோப்பை, அவருக்கு லீக்கின் சிறந்த வீரர் விருது.

8. கணிப்பை எழுதி, தேதி போடுங்கள்

வாயால் சொன்ன கணிப்பை நாம் பிறகு வசதியாகத் திருத்திக்கொள்வோம். எழுதினால் அது நடக்காது. 'தொழில்முறை வெற்றி' என்றால் எதைச் சொல்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். என்எச்எல்லில் மேல் ஆறு பேரில் ஒருவனா, ஏஎச்எல்லில் பத்து வருடமா, ஸ்வீடனிலோ சுவிட்சர்லாந்திலோ நல்ல சம்பளமா? மூன்றுமே ஹாக்கி ஆடிப் பிழைப்பதுதான். ஐரோப்பாவின் அகலமான ஐஸில் சின்னவனுக்கு மூச்சுவிட இடமும் கூடுதலாகக் கிடைக்கும்.

சரி, என் நோட்டில் இந்தக் குளிர்காலத்தின் கடைசிப் பக்கம் இது. பையன் 17 வயது, பட்டியலில் 5 அடி 9, என் கணக்கில் 5 அடி 8. ஐந்துக்கு ஐந்தில் பக்கைத் தொட்டது 14 தடவை, வளையத்துக்குள் 5. மூலையில் தோளுக்கு மேலால் பார்த்தது 9க்கு 7. இரண்டாவதாகப் போய்ச் சேர்ந்தது ஒரு தடவை, மூன்றாம் பீரியடில். ஆயுதம்: பாஸ் கொடுக்கப்போவதுபோல் உடம்பைத் திருப்பிவிட்டு அடிக்கும் ஷாட், கோலி இரண்டு தடவை ஏமாந்தார். கால்: இன்னும் குச்சிதான். அப்பா ஆறடி. அடுத்த ஜனவரியில் அதே மூலையில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.